குளிர்காலக் காலையில் கார் கிளம்ப மறுப்பது ஏன்? மும்பை வாகனங்களில் கோளாறைக் கண்டறியும் வழிகள்

மும்பைக்குக் குளிர் என்பது டிசம்பர் பிற்பகுதியில் வந்து பிப்ரவரி தொடக்கத்தில் விடைபெறும் விருந்தாளி. அதுவும் அதிகாலையில் மட்டுமே தலைகாட்டும். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஜனவரி மாதத்தின் சராசரி குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் 17 டிகிரி செல்சியஸ். அங்கு இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1962-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி பதிவான 7.4 டிகிரி. வட இந்தியரோ உதகைவாசியோ இதைக் குளிர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆயினும் மாட்டுங்கா, செம்பூர், தாராவி தெருக்களில் அந்தச் சில வாரங்களில், விடியும் முன் இழுத்து இழுத்து ஓய்ந்துபோகும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் ஓசை கேட்கத்தான் செய்கிறது. விமான நிலையத்துக்கான அதிகாலைச் சவாரியை நம்பியிருக்கும் டாக்சி ஓட்டுநருக்கு அந்த ஓசை ஒரு நாள் வருமானத்தின் இழப்பு. வீட்டில் முதியவரை அவசரமாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியவருக்கு அது அதைவிடப் பெரிய இழப்பாகலாம்.

நல்ல நிலையில் உள்ள எந்தக் காரும் 17 டிகிரியில் தடுமாறக் கூடாது. பேட்டரிகளின் மீது அச்சிடப்படும் 'சிசிஏ' என்ற குளிர்கால இயக்கத் திறன் அளவே மைனஸ் 18 டிகிரியில் சோதித்துக் கணக்கிடப்படுவதுதான். ஆகவே மும்பையில் குளிர்காலத்தில் கிளம்பாத கார், கோடையிலோ மழைக்காலத்திலோ பழுதடைந்து, அதை இதுவரை மறைத்து வைத்திருந்த கார் என்றே கொள்ள வேண்டும்.

சோக் இழுத்த காலம்

மும்பையின் அடையாளமாக விளங்கிய பிரீமியர் பத்மினி டாக்சிகளின் ஓட்டுநர்களுக்கு இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரு குமிழ் இருந்தது. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் திரவமாகவே உலோகச் சுவர்களில் படிந்துவிடும். ஆவியான பகுதி மட்டுமே தீப்பற்றும். எனவே காற்றைக் குறைத்து, பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டுவதற்காக 'சோக்' எனும் குமிழை இழுப்பார்கள். எஞ்சின் சூடானதும் அதை உள்ளே தள்ளிவிட வேண்டும். எவ்வளவு இழுப்பது, எப்போது தள்ளுவது என்பது ஒவ்வொரு வண்டிக்கும் வேறுபடும். அது ஓட்டுநரின் கைப்பழக்கம்.

பத்மினி வகையில் கடைசி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தாடதேவ் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டது. டாக்சிகளுக்கான 20 ஆண்டு வயது வரம்பு முடிந்ததால், 2023 அக்டோபர் 30 முதல் அந்த வகை டாக்சி மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்றது. சோக் குமிழ் செய்த வேலையை இன்று கணினியும் சில உணரிகளும் செய்கின்றன. வேலை எளிதாயிற்று. கோளாறு எங்கே என்று கண்ணால் பார்த்துச் சொல்வது மட்டும் கடினமாயிற்று.

சாவியைத் திருப்பும்போது கேட்க வேண்டியது

கண்டறிதலின் முதல் கருவி காது. சாவியைத் திருப்பும்போது அல்லது பொத்தானை அழுத்தும்போது எழும் ஓசை, கோளாறு எந்தப் பக்கம் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

எஞ்சின் மெதுவாக, முனகியபடி சுழல்கிறது என்றால் மின்சாரம் போதவில்லை. பேட்டரி, அதன் முனைகள், எர்த் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். 'டக்' என்ற ஒற்றை ஓசையுடன் நின்றுவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் உள்ளிருக்கும் தொடர்பு தேய்ந்திருக்கலாம். 'டகடக' என்று தொடர்ந்து துடித்தால் பேட்டரி வெகுவாக இறங்கியிருக்கிறது. எஞ்சின் வழக்கமான வேகத்தில் நன்றாகச் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பேட்டரியின் மீது பழி போடுவது வீண். சிக்கல் எரிபொருளிலோ தீப்பொறியிலோ உணரியிலோ இருக்கிறது.

இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பல குடும்பங்களின் பணம் மிஞ்சும். காலையில் கார் கிளம்பவில்லை என்று தொலைபேசியில் சொன்ன உடனேயே 'பேட்டரி போய்விட்டது' என்று புதியதுடன் வந்து நிற்பவர்கள் உண்டு. புதிய பேட்டரி போட்டதும் கார் கிளம்பவும் செய்யும். பழைய பேட்டரியை வெறுமையாக்கிய உண்மையான காரணம் அப்படியே இருப்பதால், சில வாரங்களில் புதியதும் அதே கதிக்கு ஆளாகும்.

கோடையில் அடிபட்ட பேட்டரி

ஈய-அமில பேட்டரியை 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். அடிப்படை வேதியியல் இன்றும் அதுவே. பூஜ்யம் டிகிரியில் அது தன் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கும். 17 டிகிரியில் இழப்பு மிகச் சிறிது. ஆனால் வெப்பம் அதன் ஆயுளை நிரந்தரமாகவே தின்கிறது. பேட்டரியின் வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் உள்ளிருக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் நெரிசலில் ஊர்ந்து செல்லும் காரின் பானெட்டுக்குள் இருக்கும் வெப்பத்தில் தகடுகள் அரிக்கப்படுகின்றன, நீர் ஆவியாகிறது. அந்தச் சேதம் அப்போது தெரிவதில்லை. டிசம்பரில், இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சினைச் சுழற்றச் சற்றே கூடுதல் விசை தேவைப்படும் அன்று வெளிப்படுகிறது.

பேட்டரியைச் சோதிக்கச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். இரவு முழுவதும் நின்ற காரில், எதையும் இயக்குவதற்கு முன் அளந்தால் 12.6 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி நிறைந்துள்ளது, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. அடுத்து ஒருவர் ஸ்டார்ட் செய்ய, மற்றொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அந்நேரம் வோல்ட் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால், பேட்டரியை நிரப்பும் ஆல்டர்நேட்டரைச் சந்தேகிக்கலாம். ஒருசில புதிய கார்களில் கணினியே இந்த அளவை ஏற்றி இறக்கும் என்பதால், ஒருமுறை பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

முதல் அளவீட்டில் 12.6 இருந்தும் எஞ்சின் முனகினால், கவனம் வயர்களின் பக்கம் திரும்ப வேண்டும். கடற்காற்றும் நான்கு மாத மழையும் உள்ள ஊரில் இதுவே அடிக்கடி கவனிக்கப்படாமல் போகும் இடம். பேட்டரி முனைகளில் வெண்ணீல நிறத்தில் பொடி பூத்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் எர்த் வயரின் முனை துருப்பிடித்திருந்தால் தெரியாது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்மின் முனையிலும், மற்றொன்றை எஞ்சினின் வண்ணம் பூசப்படாத உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர்தான் குற்றவாளி. அதைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினால் பல வேளைகளில் செலவே இல்லாமல் சிக்கல் தீரும்.

பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்யச் சமையல் சோடா கரைத்த நீரும் பழைய பல்துலக்கியும் போதுமானவை. கழற்றும்போது முதலில் எதிர்மின் முனை, மாட்டும்போது கடைசியில் எதிர்மின் முனை என்ற வரிசை மாறக் கூடாது. மாறினால் ஸ்பேனர் காரின் உலோகத்தில் பட்டவுடன் தீப்பொறி பறக்கும். இறுதியில் முனைகளின் மேல் சிறிது வாசலின் தடவுவது அடுத்த மழைக்காலம் வரை காக்கும்.

நிற்கும் காரிலும் கசியும் மின்சாரம்

வார நாட்களில் உள்ளூர் ரயிலில் அலுவலகம் சென்று, ஞாயிறு மட்டும் காரை எடுக்கும் குடும்பங்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஏராளம். நின்றுகொண்டிருந்தாலும் காரின் கடிகாரம், பூட்டு, கணினி ஆகியவை சிறிது மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பானது. அதுவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. சிறிய கார்களில் உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பத்து நாட்களில் மூன்றில் ஒரு பங்கு இப்படியே போய்விடும்.

இத்துடன் பின்னால் பொருத்தப்பட்ட கேமராவும் இருப்பிடம் காட்டும் கருவியும் சேர்ந்து 200 மில்லி ஆம்பியர் இழுத்தால், நான்கே நாட்களில் பாதிக்கு மேல் காலி. ஞாயிறன்று கோயிலுக்கும் கடைக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவது, ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரத்தைத் திரும்ப நிரப்பவே சரியாக இருக்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுவதே இதற்கு மருந்து. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவது அவ்வளவு பயன் தராது. மூடிய கராஜில் அப்படிச் செய்வது, கார்பன் மோனாக்சைடு தேங்கி உயிரையே பறிக்கும்.

தெருவோரம் நிற்கும் கார்களுக்கு இன்னொரு எதிரி எலி. இரவில் எலி பிடிக்கத் தனிப் பணியாளர்களையே மும்பை மாநகராட்சி வைத்திருக்கிறது என்பது இந்நகரின் நிலைமையை உணர்த்தும். அணைத்த எஞ்சினின் கதகதப்பைத் தேடி வரும் எலிகள், உணரிகளின் மெல்லிய வயர்களைக் கடித்து வைக்கின்றன. திடீரென ஒரு காலையில் கார் பற்றாமல் போனால், பானெட்டைத் திறந்து எச்சமும் கடித்த துணுக்குகளும் கிடக்கின்றனவா என்று பார்ப்பது முதல் வேலையாக இருக்கட்டும்.

சிஎன்ஜி வண்டிகளின் தனிச் சிக்கல்

மும்பையில் இந்தக் கேள்வி வேறு நகரங்களைவிட வேறுபடுவது சிஎன்ஜியால்தான். 2000-களின் தொடக்கம் முதல் இந்நகரின் டாக்சிகளும் ஆட்டோக்களும் பெருமளவில் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. சிஎன்ஜி ஏற்கெனவே வாயுவாக இருப்பதால் ஆவியாக வேண்டிய தேவை அதற்கு இல்லை. அப்படியானால் குளிரில் அது பெட்ரோலைவிட எளிதாகப் பற்ற வேண்டும் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான சிஎன்ஜி கார்கள் காலையில் பெட்ரோலில்தான் கிளம்புகின்றன.

காரணம் எளியது. சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட வாயு, எஞ்சினுக்குள் செல்லும் முன் சில பார் அளவுக்குக் குறைக்கப்படுகிறது. திடீரென விரிவடையும் வாயு கடுமையாகக் குளிரும். அழுத்தம் குறைக்கும் கருவி உறைந்து அடைபடாமல் இருக்க, எஞ்சினின் சூடான குளிர்விப்பு நீர் அதைச் சுற்றி ஓடும்படி அமைத்துள்ளனர். எஞ்சின் சூடாகாத வரை அந்த வெப்பம் இல்லை. ஆகவே கணினி பெட்ரோலில் கிளப்பி, நீர் ஓரளவு சூடானதும் வாயுவுக்கு மாற்றுகிறது. டாடாவின் சில மாடல்களைப் போல நேரடியாகச் சிஎன்ஜியிலேயே கிளம்பும் கார்களும் அண்மை ஆண்டுகளில் வந்துள்ளன.

சிக்கல் தொடங்குவது சிக்கனத்தில். பெட்ரோல் விலை அதிகம் என்பதால் பல ஓட்டுநர்கள் டாங்கில் இரண்டு, மூன்று லிட்டருக்கு மேல் வைப்பதில்லை. எரிபொருள் பம்ப் டாங்குக்குள் மூழ்கியிருப்பது. அதைக் குளிர்விப்பதும் உயவிடுவதும் சுற்றியிருக்கும் பெட்ரோலே. டாங்கு வறண்டிருந்தால் பம்ப் சூடேறித் தேயும். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிடும். காலையில் பற்றுவதற்குத் தேவைப்படுவது சரியாக அந்தப் பகுதிதான். வண்டி பகலெல்லாம் வாயுவில் நன்றாக ஓடும். காலையில் மட்டும் படுத்துவிடும். இத்தகைய வண்டியில் பேட்டரியை மாற்றுவது பயனற்றது. டாங்கில் எப்போதும் கால்வாசி பெட்ரோல் வைப்பதும், நாள்தோறும் சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டுவதும் பம்பின் விலையோடு ஒப்பிட்டால் மலிவு.

ஸ்பார்க் பிளக்கும் சிஎன்ஜியில் விரைவாகத் தேய்கிறது. வாயுக் கலவையைப் பற்றவைக்கக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும் என்பதால், முனை தேய்ந்து இடைவெளி அகன்றவுடன் தீப்பொறி பலவீனமாகும். பெட்ரோல் காருக்குரிய கால அளவை நம்பாமல், சிஎன்ஜிக்கு எனக் கையேடு குறிப்பிடும் இடைவெளியில் மாற்ற வேண்டும்.

நன்றாகச் சுழன்றும் பற்றாத பெட்ரோல் கார்

இங்கே கருவியே தேவைப்படாத ஒரு சோதனை உண்டு. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மூன்று விநாடி காத்திருந்து, மீண்டும் அணைக்க வேண்டும். இப்படி மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் கார் உடனே கிளம்புகிறதா? கிளம்பினால், இரவில் எரிபொருள் குழாயின் அழுத்தம் கசிந்துவிடுகிறது என்று பொருள். பம்பில் உள்ள ஒருவழி வால்வோ, சொட்டும் இன்ஜெக்டரோ காரணமாகலாம். பொத்தான் உள்ள கார்களில் பிரேக்கை மிதிக்காமல் இருமுறை அழுத்துவது 'ஆன்' நிலையைத் தரும்.

இரண்டாவது சந்தேகம், குளிர்விப்பு நீரின் வெப்பத்தை அளக்கும் உணரி. பழைய சோக் குமிழின் வாரிசு இதுதான். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இது 'சூடாக இருக்கிறது' என்று தவறாகச் சொன்னால், கணினி பெட்ரோலைக் குறைத்துவிடும், எஞ்சின் பற்றாது. டேஷ்போர்டின் கீழுள்ள ஓபிடி இணைப்பில் பொருத்தி, செல்பேசியில் பார்க்கும் சிறு கருவிகள் இதைக் காட்டிக்கொடுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், குளிர்விப்பு நீரின் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 19 டிகிரி, நீர் 60 டிகிரி என்று காட்டினால் உணரி பொய் சொல்கிறது. விலை குறைந்த பாகம், எளிதில் மாற்றக்கூடியது.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே இதற்கெல்லாம் காரணமா என்ற கேள்வி இப்போது பரவலாக எழுகிறது. 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி பெங்களூருவில் அறிமுகமான இந்தக் கலவை இன்று நாடு முழுவதும் விற்பனையாகிறது. எத்தனால் ஆவியாக, பெட்ரோலைப் போல இரு மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும். இதனால்தான் பிரேசிலில் முழு எத்தனாலிலும் ஓடும் கார்களில், குளிர்காலத்தில் கிளப்புவதற்கென்றே பானெட்டுக்குள் ஒரு சிறிய பெட்ரோல் டாங்கு வைத்திருந்தனர். ஆனால் 20 விழுக்காடு கலவையில், மும்பையின் 17 டிகிரியில், நல்ல நிலையில் உள்ள கார் தடுமாற இது போதுமான காரணம் ஆகாது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதே இந்நகருக்குப் பொருத்தமான எச்சரிக்கை. மழைக்காலம் முழுவதும் அரை டாங்கு பெட்ரோலுடன் அசையாமல் நின்ற காரில் நீர் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு.

மலையேறும் டீசல் கார்

மும்பைக்குள் டீசல் காரின் சிக்கல் வெளிப்படுவது குறைவு. மகாபலேஷ்வருக்கோ, விடுமுறையில் உதகைக்கோ செல்லும்போதுதான் தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி வழக்கமானது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. அந்த வெப்பத்துக்குத் துணையாகக் குளிரில் குளோ பிளக்குகள் வேலை செய்கின்றன. டேஷ்போர்டில் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும் வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். நான்கில் இரண்டு பிளக்குகள் பழுதானாலும் மும்பையில் தெரியாது. உதகையில் வெண்புகையும் உதறலுமாகத் தெரியும். ஈதர் கலந்த தெளிப்பானை இத்தகைய எஞ்சினில் அடிப்பது வெடிப்பை வரவழைக்கும்.

லடாக் போன்ற பகுதிகளில் டீசலே உறைந்துவிடும் என்பதால், மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. மகாராஷ்டிரத்தின் எந்த ஊருக்கும் அது தேவையில்லை.

மழையில் நின்ற கார் வேறு

வெள்ளத்தில் நின்ற கார் கிளம்பாதபோது மேற்சொன்ன எதையும் முயலக் கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் சாதாரண மழைக்கே நீர் தேங்குவதை அங்கிருப்போர் அறிவர். எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால், காற்றைப் போல அது அழுந்தாது. ஸ்டார்ட் செய்தவுடன் உள்ளிருக்கும் இணைப்புத் தண்டு வளையும். பேட்டரியின் இணைப்பைத் துண்டித்து, வண்டியை இழுத்துச் செல்வதே வழி.

அவசரத்துக்கு மின்சாரம் கடன் வாங்குவது

குளிர்காலக் காலையில் பேட்டரி இறங்கிய காரைப் பக்கத்துக் காரின் உதவியுடன் கிளப்பலாம். சிவப்பு வயரை முதலில் இறங்கிய பேட்டரியின் நேர்மின் முனையிலும், பின்னர் நல்ல பேட்டரியின் நேர்மின் முனையிலும் மாட்ட வேண்டும். கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் எதிர்மின் முனையிலும், இறுதியாக இறங்கிய காரின் எஞ்சின் உலோகத்திலும் மாட்ட வேண்டும். கடைசி இணைப்பைப் பேட்டரியின் அருகில் செய்யாததற்குக் காரணம், பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வாயு ஒரு தீப்பொறியில் வெடிக்கும் என்பதே. உதவும் காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யலாம். ஒரு முயற்சி பத்து விநாடியைத் தாண்டக் கூடாது. இடையில் அரை நிமிடம் ஸ்டார்ட்டர் மோட்டார் ஆறட்டும்.

நாலு பேர் கூடித் தள்ளுவது மும்பைத் தெருவின் பழைய வழி. கியரைக் கையால் மாற்றும் கார்களில் அது பலிக்கும். தானியங்கி கியர் கார்களில் பலிக்காது. தவிர, எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள மாசு நீக்கும் கருவியில் சேர்ந்து அதைக் கெடுத்துவிடும். அதன் விலை பல பேட்டரிகளுக்குச் சமம்.

எல்லாச் சோதனைக்குப் பிறகும் பேட்டரியே மாற்ற வேண்டியது என்று தெரிந்தால், பழையதைக் கடைக்காரரிடமே ஒப்படைத்து விலையில் கழித்துக்கொள்வது நல்லது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைக்கின்றன. கூடுதலாகச் சில நூறு ரூபாய் தருவதாகச் சொல்லி வாசலுக்கு வருபவரிடம் கொடுத்தால், அது எங்கோ ஒரு சந்தில் சுத்தியலால் உடைக்கப்பட்டு, அமிலம் சாக்கடையிலும் ஈயப்புகை அருகிலுள்ள குழந்தைகளின் மூச்சிலும் கலக்கக்கூடும்.